பொதுக் கோப்புறையின் திறப்பு யாரிடம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்திலும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும், பாலத்துக்கு அப்பால் கிண்ணியாவிலும் உள்ள சிறிய அலுவலகங்களின் பைல் சேர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். நில அளவையாளர், நொத்தாரிசு, கணக்காளர், அச்சகம், விருந்தினர் விடுதி என்று பல வகையானவர்கள். பைல் சேர்வர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. அதில் இருக்கும் கோப்புறைகளை மற்றக் கணினிகள் வலையமைப்பின் வழியே திறக்கின்றன. அவ்வளவுதான். போகும் இடமெல்லாம் தேநீர் வருவதற்குள் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

நாங்கள் ஏழு பேர்தான். எல்லோரும் தெரிந்த ஆட்கள், நம்பிக்கையானவர்கள். இதற்குள் எதற்கு அனுமதியும் கட்டுப்பாடும்?

நான் பார்த்த கோப்பு இழப்புகளில் கள்ளத்தனத்தால் நடந்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவை மவுஸால் நடந்தவை.

ஒரு நில அளவை அலுவலகத்தில் ஒருநாள் காலை தம்பலகாமம் வரைபடங்கள் இருந்த கோப்புறையைக் காணவில்லை. பல வருட வேலை. யார் அழித்தது என்று ஆளை ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய மனத்தாங்கல்கள் எல்லாம் மேலே வந்தன. மத்தியானத்துக்குச் சற்று முன் அந்தக் கோப்புறை, பக்கத்தில் இருந்த மூதூர்க் கோப்புறைக்குள் கிடைத்தது. யாரோ பட்டியலில் கீழே போகும்போது பொத்தானை அழுத்தியபடி கையை இழுத்திருக்கிறார். செய்தவருக்கே அது தெரியாது. அந்த இடத்தில் அவருக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் இருந்திருந்தால் கணினி மறுத்திருக்கும். ஒரு காலைப்பொழுதும் இரண்டு பேரின் நட்பும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது காரணம் கப்பம் கேட்கும் தீம்பொருள். அதற்கென்று தனி அதிகாரம் பெரும்பாலும் இல்லை. மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தவர் யாரோ, அவருடைய அதிகாரத்தோடு அது ஓடுகிறது. தட்டச்சாளரால் எல்லோருடைய கோப்புறைகளிலும் எழுத முடியும் என்றால், அவர் திறந்த ஒரு போலிப் பற்றுச்சீட்டு எல்லோருடைய கோப்புகளையும் பூட்டிவிடும். அவருடைய கோப்புறையில் மட்டும் எழுத முடியும் என்றால் சேதம் அங்கேயே நின்றுவிடும். ஆள் எவ்வளவு நம்பிக்கையானவர் என்பதை அந்தத் தீம்பொருள் விசாரிப்பதில்லை.

எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஞாபகம் வைப்பது சுலபம். என்ன பிழை?

ஒருவர் விலகும்போது தெரியும் என்ன பிழை என்று. ஏழு கணினிகளிலும் மாற்ற வேண்டும், ஸ்கேனரிலும் மாற்ற வேண்டும். அதனால் யாரும் மாற்றுவதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் வேலையை விட்டவருக்கும் அந்தக் கடவுச்சொல் இன்றும் மனப்பாடம். இன்னொன்று: பதிவேட்டில் எதைப் பார்த்தாலும் 'ஒபிஸ்' என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஒபிஸ் அழித்தது, ஒபிஸ் திருத்தியது. அந்த ஒபிஸ் யார்?

ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கடவுச்சொல். இது பேரம் பேசும் விடயம் அல்ல. திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டுவதைப் பற்றி முன்பெல்லாம் சண்டை போடுவேன். இப்போது, மற்றவர்களுடையதை ஒட்டாமல் உங்களுடையதை மட்டும் எழுதி, சட்டைப் பையில் வைத்திருங்கள் என்று சமாதானமாகிவிட்டேன்.

அனுமதியை ஆளுக்கு ஆள் கொடுப்பதா, குழுவுக்குக் கொடுப்பதா?

குழுவுக்கு. எப்போதும் குழுவுக்கு. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலும் பாதித் தலையிடி குறையும்.

ஒரு நொத்தாரிசு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். உறுதிகள், கணக்கு, கடிதங்கள் என்று மூன்று கோப்புறைகள். உறுதி எழுதுபவர்கள், உறுதி வாசிப்பவர்கள், கணக்கு பார்ப்பவர்கள், கடிதம் எழுதுபவர்கள் என்று வேலையின் பெயரில் குழுக்களை உருவாக்குகிறேன். கோப்புறைக்கு அனுமதி கொடுப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் குழுவுக்கு மட்டும். அதன் பிறகு கோப்புறையின் பக்கமே போக வேண்டியதில்லை. புதிதாக ஒரு எழுதுவினைஞர் வந்தால் அவரைக் குழுவில் சேர்ப்பது, இடம் மாறினால் எடுப்பது, வேலை முடிந்தது.

ஆளுக்கு ஆள் கொடுத்த அலுவலகங்களுக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். 'இன்றைக்கு மட்டும் அந்தத் தங்கச்சிக்குக் கணக்குக் கோப்புறையைத் திறந்து விடுங்கோ, வற் கணக்கு முடிக்க வேண்டும்' என்று தொலைபேசி வரும். திறந்து விடுவோம். அந்த 'இன்றைக்கு' ஆறு வருடங்களாக முடியவில்லை. கொடுக்கச் சொல்லி அழைப்பவர்கள் நிறைய; எடுக்கச் சொல்லி எனக்கு ஓர் அழைப்புக்கூட வந்ததில்லை. அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்த்தால் சில இடங்களில் ஆளின் பெயரே இருக்காது; எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும் இருக்கும். அது அழிக்கப்பட்ட கணக்கின் எலும்பு. யாருடையது என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நடைமுறையில் ஒரு சிறு விடயம்: ஒருவரைக் குழுவில் சேர்த்த உடனே அவருக்கு வழி திறக்காது. அவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பதை விண்டோஸ் உள்நுழையும்போதே குறித்துக்கொள்கிறது. வெளியேறி மறுபடி உள்நுழையச் சொல்லுங்கள். இது தெரியாமல், குழு வேலை செய்யவில்லை என்று 'எவ்ரிவன்' என்ற பெயருக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்ட தொழில்நுட்பத் தம்பிமார் பலரை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன்.

விண்டோஸில் அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது. கோப்புறையை வலையமைப்புக்குத் திறந்துவிடும் பகிர்வில் ஒன்று, கோப்புறையிலேயே ஒன்று. எது செல்லும்?

இரண்டும் செல்லும், இரண்டில் இறுக்கமானது வெல்லும்.

கோணேசர் கோயிலுக்குப் போன எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே, சுவாமிமலை உச்சியில் இருக்கிறது. முதலில் கோட்டை வாசல், அதன் பிறகு கோயில் நடை. வாசல் திறந்திருந்தாலும் நடை சாத்தியிருந்தால் தரிசனம் இல்லை. நடை திறந்திருந்தாலும் வாசலில் மறித்தால் தரிசனம் இல்லை. பகிர்வின் அனுமதி கோட்டை வாசல். என்டிஎப்எஸ் அனுமதி, அதாவது கோப்புறையின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் இருப்பது, கோயில் நடை.

வாசலிலும் நடையிலும் தனித்தனியே பட்டியல் வைத்தால் ஆறு மாதத்தில் உங்களுக்கே குழம்பும். ஆகவே வாசலில், கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் மாற்றம் செய்யும் அளவுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, நுணுக்கமான கட்டுப்பாடு முழுவதையும் நடையில் வைக்கிறேன். இதற்கு ஒரு காரணமும் உண்டு. பகிர்வின் அனுமதி வலையமைப்பின் வழியே வருகிறவருக்கு மட்டும்தான். சேர்வர் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்து உள்நுழைந்தவரை அது தடுக்காது. கடல் பக்கமாகப் பாறையில் ஏறி வந்தவனைக் கோட்டைக் காவலாளி எங்கே பார்ப்பார்?

இன்னொன்று, 'ஃபுல் கண்ட்ரோல்' என்ற முழுக் கட்டுப்பாட்டைச் சாதாரண ஊழியருக்குக் கொடுக்காதீர்கள். எழுத, திருத்த, அழிக்க 'மொடிஃபை' போதும். முழுக் கட்டுப்பாடு உள்ளவர் அனுமதிப் பட்டியலையே மாற்றலாம். அது அறைக்குள் இருக்க விட்டதோடு பூட்டை மாற்றும் உரிமையையும் எழுதிக் கொடுப்பது போன்றது.

ஒருவரை மட்டும் தடுக்க, மறுப்பு என்ற 'டினை' பெட்டியில் சரி போடலாமா?

போடாதீர்கள். அனுமதி கொடுக்காமல் விட்டாலே அது தடைதான். மறுப்பு பொதுவாக அனுமதியை வெல்லும். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒன்றில் மறுப்பு இருந்தால் மற்றக் குழுவின் அனுமதி பயன்படாது. ஒரு முதலாளி கோபத்தில் 'எவ்ரிவன்' பெயருக்கு மறுப்புப் போட்டார். எவ்ரிவன் என்றால் எல்லோரும். அவரும் அதில் சேர்த்தி. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு என்னை அழைத்தார். கோப்புறையின் உரிமையாளராகப் பதிவாகி இருப்பவர் உள்ளடக்கத்தைத் திறக்க முடியாமல் போனாலும் அனுமதிப் பட்டியலைத் திருத்த முடியும். அதனால் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

சம்பளப் பட்டியலைப் பூட்டிய கோப்புறையில் இருந்து பொதுக் கோப்புறைக்கு மாற்றினேன். சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை. பேயா?

பேய் இல்லை. ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை வெட்டி ஒட்டினால் அது பழைய அனுமதியைச் சுமந்துகொண்டே புது இடத்துக்கு வரும். பிரதி எடுத்து ஒட்டினால் புது இடத்தின் அனுமதியை ஏற்கும். இந்த விதி தெரியாததால் இரண்டு பக்கமும் விபத்து நடக்கிறது: பொதுவாக இருக்க வேண்டியது பூட்டியிருக்கும், அதைவிட மோசமாக, பூட்டியிருக்க வேண்டியது திறந்து கிடக்கும். மாற்றிய பிறகு ஒருமுறை வேறொருவரின் கணக்கில் திறந்து பாருங்கள். 'எஃபெக்டிவ் அக்சஸ்' என்ற பக்கத்தில் ஒருவரின் பெயரைக் கொடுத்தால் அவருக்கு உண்மையில் என்ன முடியும் என்பதையும் விண்டோஸ் காட்டும்.

கோப்புறையின் பெயர்கூட மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. முடியுமா?

முடியும். அனுமதி இல்லாதவரின் பட்டியலில் பெயரையே காட்டாத வசதி விண்டோஸ் சேர்வரிலும் உண்டு, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சம்பா என்ற பகிர்வு மென்பொருளிலும் உண்டு. 'ஆட்குறைப்பு' என்று ஒரு கோப்புறை இருந்தால், திறக்க முடியாவிட்டாலும் பெயரே அலுவலகத்தைக் கலக்கிவிடும் அல்லவா? ஆனால் பகிர்வின் பெயருக்குப் பின்னால் டொலர் குறி போடுவதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். பட்டியலில் தெரியாது, அவ்வளவுதான். பெயரைத் தெரிந்தவர் தட்டச்சு செய்து போய்விடலாம்.

விண்டோஸ் சேர்வர் உரிமம் விலை கூட. லினக்ஸில் சம்பா போட்டால் பாதுகாப்புக் குறையுமா?

குறையாது. சரியாக அமைத்தால். என் வாடிக்கையாளர்களில் அதிகம் பேரிடம் ஓடுவது சம்பாதான். பெயரைக் கேட்டதும் எல்லோரும் அரிசியைத்தான் நினைக்கிறார்கள். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். 1980களில் ஐபிஎம்மில் பிறந்தது. அந்த மொழியை, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் கணினிகளும் பேசும்படி அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதிய மென்பொருள்தான் இது. எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடி, கிடைத்தவற்றில் இருந்து சம்பா என்ற பெயரை எடுத்தார்.

இங்கும் இரண்டு வாசல்கள்: சம்பாவின் அமைப்புக் கோப்பு ஒன்று, லினக்ஸின் சொந்த அனுமதி மற்றொன்று. லினக்ஸில் வாசிப்புக்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. இவற்றைக் கூட்டி உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று எண்களாக எழுதுவார்கள். 770 என்றால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் எல்லாம் உண்டு, மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அதிகம் வரும் முறைப்பாடு: ஒருவர் உருவாக்கிய கோப்பை அதே குழுவில் உள்ள மற்றவர் திருத்த முடியவில்லை. காரணம், சம்பா இயல்பாக ஒரு புதுக் கோப்புக்கு 744 வரைதான் அனுமதி கொடுக்கும். குழுவுக்கு வாசிப்பு மட்டும். பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து எல்லாவற்றையும் 777 ஆக்குகிறார்கள். பிறகு கோட்டைக்குள் மான்கள் திரிவது போல யாரும் யாரையும் கேட்காமல் போய் வரலாம். செய்ய வேண்டியது வேறு. கோப்புறைக்கு 2770 கொடுங்கள். முன்னால் உள்ள அந்த 2, உள்ளே பிறக்கும் எதுவும் கோப்புறையின் குழுவையே ஏற்க வைக்கும். சம்பாவில் புதுக் கோப்புக்கான அனுமதியை 0660 ஆகவும், புதுக் கோப்புறைக்கான அனுமதியை 2770 ஆகவும் வையுங்கள். முறைப்பாடு நின்றுவிடும்.

எங்கிருந்தோ பிரதி எடுத்த அமைப்புக் கோப்புகளில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: தெரியாத பெயரில் வருகிறவரை விருந்தினராக ஏற்றுக்கொள் என்ற வரி. அது இருந்தால், கணக்கே இல்லாத ஒரு பெயரைக் கொடுத்தாலும் விருந்தினருக்குத் திறந்த பகிர்வுகளுக்குள் போய்விடலாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு இப்படிப்பட்ட விருந்தினர் இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது. 'அப்டேட் வந்த பிறகு சேர்வர் திறக்கவில்லை' என்று பலர் விண்டோஸைத் திட்டியது இதனால்தான். திட்டு வாங்க வேண்டியது சேர்வர்.

எங்களிடம் எல்லாமே லினக்ஸ். லினக்ஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் என்எப்எஸ் போதாதா?

யாருடைய லினக்ஸ் என்பதைப் பொறுத்தது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எப்எஸ்ஸை வெளியிட்டபோது, வலையமைப்பில் உள்ள கணினிகள் எல்லாம் ஒரே நிருவாகியின் கையில் இருந்தன. அந்தக் காலத்து நம்பிக்கை அதற்குள் இன்னும் இருக்கிறது: வழக்கமான அமைப்பில், 'நான் 1001ஆம் இலக்கப் பயனர்' என்று எதிர்க் கணினி சொன்னால் சேர்வர் அப்படியே ஏற்றுக்கொள்ளும். கடவுச்சொல் கேட்காது. ஒரு மாணவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, அதில் 1001 என்ற இலக்கத்தில் ஒரு கணக்கை உருவாக்கினால், சேர்வருக்கு அவரே அந்த 1001. நிருவாகி என்று சொல்லி வருகிறவரைச் சாதாரண ஆளாகத் தாழ்த்தும் தடை உண்டு. வழக்கமாக அது இயங்கிக்கொண்டும் இருக்கும். ஆனால் மற்ற இலக்கங்களில் வருகிற பொய்யை அது பிடிக்காது.

எல்லாக் கணினிகளும் உங்கள் பூட்டிய அறையில் என்றால் எந்தெந்த முகவரிகள் வரலாம் என்று குறித்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மடிக்கணினிகள் வந்து போகும் இடம் என்றால் கெர்பரோஸ் தேவை. அது ஆளை உண்மையாகவே அடையாளம் கேட்கும். அமைப்பது சிரமம். கணினிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் வழக்கமாக வேலை செய்யாது. மின்வெட்டுக்குப் பிறகு ஒரு கணினி பழைய ஆண்டுக்குப் போய்விட, யாரும் உள்நுழைய முடியாத ஒரு திங்கட்கிழமையை நான் மறக்கவில்லை. தாய்ப்பலகையில் இருக்கும் சின்ன பற்றரியை மாற்றினோம்.

விடுதி நடத்துகிறோம். விருந்தினருக்கு வைஃபை கொடுக்கிறோம். அலுவலகக் கணினியும் அதே ரவுட்டரில்தான். ஆபத்தா?

ஆம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நான் முதலில் பார்ப்பதே இதைத்தான். வரவேற்பு மேசையில் வெளிநாட்டவர்களின் கடவுச்சீட்டை ஸ்கேன் செய்து பொதுக் கோப்புறையில் போடுகிறார்கள். கடற்கரையில் சாய்ந்திருக்கும் விருந்தினர் தன் மடிக்கணினியில் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்தால், உங்கள் சேர்வரின் பெயர் அவர் திரையில் வந்து நிற்கும். கடவுச்சொல் இல்லையென்றால் போன பருவத்தில் வந்தவர்களின் கடவுச்சீட்டுகள் எல்லாம் அவருக்குக் கிடைக்கும்.

பல ரவுட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை வைக்கும் வசதி உண்டு. அதை இயக்கி, அதில் இருந்து உள் வலையமைப்புக்குப் போக முடியாதபடி அமையுங்கள். சரியாக அமைந்ததா என்பதை நீங்களே விருந்தினர் வைஃபையில் இணைந்து சோதியுங்கள். பெயர் 'கெஸ்ட்' என்று இருப்பது மட்டும் போதாது. எஸ்எம்பியின் மூன்றாம் பதிப்பில் இருந்து, கம்பியிலும் காற்றிலும் போகும் தரவை மறைகுறியாக்க முடியும். கடவுச்சீட்டுப் பகிர்வுக்கு அதையும் இயக்கிவிடுங்கள். அதைவிட முக்கியம், பழைய ஸ்கேன்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று முடிவெடுத்து மீதியை அழிப்பது. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தேவைக்கு மேல் சேர்த்து வைப்பதையே அது கேள்வி கேட்கிறது.

எங்கள் பழைய போட்டோகொப்பி இயந்திரம் எஸ்எம்பியின் முதலாம் பதிப்பில் மட்டும்தான் ஸ்கேன் அனுப்பும். அதை இயக்கி விடுவீர்களா?

மாட்டேன். 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற கப்பத் தீம்பொருள் உலகம் முழுவதும் பரவியது இந்த முதலாம் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். பிரித்தானிய மருத்துவமனைகள் சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

இயந்திரத்தின் உள்மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் மின்னஞ்சலுக்கோ பென் டிரைவுக்கோ ஸ்கேன் செய்யுங்கள். ஒரு இயந்திரத்துக்காக முழு அலுவலகத்தின் கதவையும் கழற்றி வைக்க முடியாது.

கொழும்பில் இருந்து திறக்க வேண்டும். ரவுட்டரில் 445ஐத் திறந்துவிட்டால் போதும் என்கிறார்களே?

சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள். 445 என்பது எஸ்எம்பி வந்து போகும் வலையமைப்பு வாசலின் ('போர்ட்') இலக்கம். இணையத்தில் எங்கெங்கே இந்த வாசல் திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. கோப்புகளைப் பகிர்வதற்கென்றே விற்கும் நாஸ் பெட்டிகளின் நிருவாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைப்பதும் அப்படித்தான். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கப்பத் தீம்பொருள், இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. வெளியில் இருந்து அலுவலக வலையமைப்புக்குள் பாதுகாப்பாக வரும் தனி வழியான விபிஎன் அமையுங்கள். முதலில் அதற்குள் வந்து, பிறகுதான் சேர்வர்.

யார் அழித்தது என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?

முன்கூட்டியே பதிவை இயக்கியிருந்தால் முடியும். இல்லையென்றால் என்னால் முடியாது, சாத்திரியாரிடம்தான் போக வேண்டும். விண்டோஸில் கணக்காய்வை இயக்கி, குறித்த கோப்புறைக்கும் அமைத்துவிட்டால், யார் எந்தக் கோப்பைத் தொட்டார் என்பது 4663 என்ற நிகழ்வாகவும், அழித்தது 4660 என்ற நிகழ்வாகவும் பதியும். வாசிப்பை எல்லாம் பதிய வேண்டாம். பதிவேடு ஒரே நாளில் நிரம்பித் தேவையானதைத் தள்ளிவிடும். அழிப்பதும் அனுமதி மாற்றுவதும் போதும். பதிவு இருக்கிறது என்பதை ஊழியர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்து ஒருநாள் எடுத்துக் காட்டினால் அலுவலகத்தில் அதன் பிறகு யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

வேலையை விட்டவரின் கணக்கை என்ன செய்வது?

அன்றைக்கே முடக்குங்கள், அழிக்க வேண்டாம். சில மாதம் கழித்து அவருடைய கோப்புகளுக்கு வேறொருவரை உரிமையாளராக்கிவிட்டு அழிக்கலாம். வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

சேர்வரையே கள்ளன் தூக்கிக்கொண்டு போனால் இந்த அனுமதிகள் காப்பாற்றுமா?

இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கணினியில் பொருத்தினால், அந்தக் கணினிக்கு அவனே நிருவாகி. அனுமதிப் பட்டியலை ஒதுக்கித் தள்ளிவிடலாம். டிஸ்க் முழுவதையும் பிட்லொக்கர் போன்ற ஒன்றால் மறைகுறியாக்கி, மீட்புக் குறியீட்டை அச்சிட்டு வேறு இடத்தில் வையுங்கள். அறைக்கு ஒரு நல்ல பூட்டும் போடுங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றில் மலிவான பூட்டு இரண்டு மழைக்காலம் தாங்காது.

காப்புப் பிரதி எடுக்கிறோம். சேர்வரிலேயே ஒரு வெளி டிஸ்க் எப்போதும் செருகியபடி இருக்கிறது. சரிதானே?

சேர்வரால் அதில் எழுத முடியும் என்றால், சேர்வரைப் பிடித்த தீம்பொருளாலும் எழுத முடியும். 2023 ஓகஸ்டில் நம் நாட்டு அரச மேகக் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். தொடர்பில் இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. கடைசிச் சில மாதங்களுக்குத் தொடர்பறுத்து வைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயின. ஏறத்தாழ 5,000 முகவரிகள்.

நான் அமைப்பது இப்படி: காப்புக்கென்று தனியாக ஒரு சிறு கணினி. சேர்வர் அதற்கு அனுப்புவதில்லை. அதுதான் இரவில் வந்து, வாசிப்பு அனுமதி மட்டும் உள்ள ஒரு கணக்கில் சேர்வரில் இருந்து எடுத்துக்கொள்கிறது. சேர்வரில் இருக்கும் எந்தக் கணக்குக்கும் காப்புக் கணினிக்குள் நுழையும் அதிகாரம் இல்லை. அதோடு இரண்டு வெளி டிஸ்க்குகள், கிழமைக்கு ஒன்றாக மாறி மாறி, அலுவலகத்துக்கு வெளியே. ஒரு வாடிக்கையாளர் தன்னுடையதை உவர்மலையில் உள்ள அக்கா வீட்டு அலுமாரியில் வைக்கிறார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கரையோரத்தில் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள் என்று இந்த ஊரில் நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

முதலாளி நான்தான். எனக்கு எல்லாக் கோப்புறையிலும் முழு அதிகாரம் வேண்டும்.

உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் காலையில் மின்னஞ்சல் பார்க்கும் அதே கணக்கில் வேண்டாம். முதலாளியின் முகவரியைத்தான் ஏமாற்றுக்காரர்கள் முதலில் தேடுவார்கள். நீங்கள் திறக்கும் பிழையான இணைப்பு உங்கள் அதிகாரத்தோடு ஓடும். அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு, நிருவாகத்துக்கு வேறொன்று. வருடத்தில் ஐந்தாறு தடவைக்கு மேல் இரண்டாவது தேவைப்படாது என்று பந்தயம் கட்டுவேன்.

எந்தக் கோப்புறை யாருடையது என்று தீர்மானிப்பதுதான் உண்மையில் உங்களுடைய வேலை. அதை என்னிடம் விடாதீர்கள். உறுதிக் கோப்புறையை யார் திருத்தலாம் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தாளில் கோப்புறைகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பொறுப்பாளரின் பெயரை எழுதுங்கள். வருடம் ஒருமுறை, தைப்பொங்கலுக்கு அலுவலகம் துப்புரவு செய்யும்போது, அந்தத் தாளையும் அனுமதிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதை எழுதச் சொன்ன அலுவலகங்களில் பாதிக்கு மேல் இன்னும் எழுதவில்லை.

எல்லாம் சரி. எல்லாத் திறப்பும் உங்களிடம் இருக்கிறதே. உங்களை எப்படி நம்புவது?

இந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டது ஒரு வயதான நொத்தாரிசு அம்மா. கொஞ்சம் சுருக்கென்றிருந்தது, ஆனால் கேட்டது நியாயம்.

என்னிடம் இருக்கும் கணக்கு என் பெயரில்தான் இருக்க வேண்டும், வெறும் 'அட்மின்' என்ற பெயரில் அல்ல. நான் வராத நாட்களில் அது முடக்கப்பட்டிருக்க வேண்டும். வரும்போது இயக்குவதும் போனதும் முடக்குவதும் உங்கள் ஆள். நான் செய்ததும் பதிவேட்டில் விழ வேண்டும். தலைமை நிருவாகியின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு, ஒட்டின் மேல் கையெழுத்துப் போட்டு, உங்கள் இரும்புப் பெட்டியில் வையுங்கள். நான் நாளைக்கே பஸ்ஸில் அடிபட்டாலும் உங்கள் அலுவலகம் நிற்காது. உறை பிரிந்திருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

அந்த அம்மா நான் சொல்லி முடிப்பதற்குள் லாச்சியில் இருந்து அரக்கை எடுத்துவிட்டார். போன மாதம் போனபோது நானே கேட்காமல் இரும்புப் பெட்டியைத் திறந்து உறையைக் காட்டினார். அரக்கு உடையவில்லை. பிறகுதான் தன் எழுதுவினைஞரைக் கூப்பிட்டு என் கணக்கை இயக்கச் சொன்னார்.